பிசிறு: எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மூச்சு வந்த கதை

ஆடி மாதம் வந்தால் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் விடியற்காலையிலேயே குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும். எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். மைக் செட்காரர் குமிழை அது போகிறமட்டும் திருகி வைத்திருப்பார். அதனால் குரலின் ஓரமெல்லாம் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டே வரும். உடுக்கைச் சத்தம் தகர டப்பாச் சத்தமாகிவிடும். "சவுண்டு கிழியுதுப்பா, கொஞ்சம் குறை" என்று யாராவது ஒரு பெரியவர் சொல்வார். யாரும் குறைக்க மாட்டார்கள்.

பாட்டு விஷயத்தில் பிசிறு என்றாலே நமக்குக் குறைதான். பிசிறில்லாமல் பாடினார் என்பது பாடகருக்குக் கிடைக்கிற நற்சான்று. ராக் இசைக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே கிட்டார்காரர்கள் காசு கொடுத்துப் பிசிறை வாங்குகிறார்கள். எந்த ரகப் பிசிறு, எவ்வளவு பிசிறு என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அதற்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். ராக் என்றதும் காதுக்குள் ஓடுகிற அந்த 'ஜ்ஜ்ஜாங்' கிட்டாரின் சொந்தச் சத்தம் இல்லை, மூச்சுமுட்டிப்போன ஒரு கருவியின் சத்தம். அது எப்படி வந்து எப்படி நிலைத்தது என்று பார்க்கலாம். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. படியில் அரிசி அளப்பதைப் பார்த்திருந்தால் போதும்.

தலைதட்டிய அலை

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும்தான் அது. மேலே இரும்புக் கம்பி அதிர அதிர, சுருளில் அதே வேகத்தில் மின்சாரம் துளியூண்டு ஏறி இறங்கும். அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை அசைக்கிற பெட்டி ஆம்ப்ளிஃபயர். சுருக்கமாக ஆம்ப்.

ஆம்பினால் ஓர் எல்லை வரைக்கும்தான் பெரிதாக்க முடியும். இங்கேதான் அரிசிப் படி வருகிறது. படியில் கும்பாரமாகக் குவித்தால் உச்சி கூராக நிற்கும். கையால் வழித்துவிட்டால் உச்சி போய் மேல்பக்கம் தட்டையாகும். தலைதட்டி அளப்பது என்போமே, அதுதான். கிட்டாரின் அலை வளைந்து ஏறி வளைந்து இறங்கும். குமிழைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அலையின் உச்சிக்கு ஆம்புக்குள் இடம் இருக்காது. உச்சியை வழித்துவிடும். கீழே இறங்கும் பள்ளத்தையும் அதேபோல் தட்டையாக்கிவிடும். வளைந்து வந்த அலை கிட்டத்தட்ட சதுரமாக வெளியே போகும்.

உச்சி தட்டையானால் காதுக்கு என்ன ஆகிறது? முதலில், மேல்மடங்குகள் கிளம்புகின்றன. கிட்டாரின் ஐந்தாவது கம்பி நொடிக்கு 110 முறை அதிரும். அலையைத் தலைதட்டினால் 110-உடன் அதன் மூன்று மடங்கான 330, ஐந்து மடங்கான 550, ஏழு மடங்கான 770 எல்லாம் பலமாகச் சேர்ந்துகொள்ளும். மேலும் கீழும் ஒரே அளவில் வழிக்கப்படவில்லை என்றால் 220, 440 போன்றவையும் கூடும். காது இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. கேட்பது ஒரே சுரம்தான், ஆனால் அதற்கு முள் முளைத்திருக்கும். தம்புராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஜீவா என்று ஒரு நூலைச் செருகுவார்கள். அது சரியான இடத்தில் உட்கார்ந்ததும் மொட்டையாக இருந்த ஒலி ரீங்காரமாக விரியும். அங்கே நடப்பது தலைதட்டல் இல்லை, வழி வேறு. ஆனால் அதுவும் மேல்மடங்குகளை எழுப்பிவிடுகிற வேலைதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். மீட்டுகிற எந்த வாத்தியத்திலும் சுரம் பிறந்த மறுகணமே தேயத் தொடங்கிவிடும். ஆனால் ஆம்ப் தலைதட்டிக்கொண்டிருக்கும்போது, கம்பி எவ்வளவு பலமாக அதிர்ந்தாலும் வெளியே வருகிற உயரம் ஒன்றுதான். அதிர்வு பாதியாகக் குறைந்தாலும் அது எல்லைக்கு மேலேயே இருக்கிறவரை சத்தம் குறைந்ததாகத் தெரியாது. அரிசி கும்பாரம் ஒரு சாண் இருந்தாலும் நாலு விரற்கடை இருந்தாலும் வழித்த பிறகு படி ஒரே அளவுதானே. அதனால் சுரம் நீண்டு நிற்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முள் நிறைந்த ஒலி, தேயாமல் நீளும் சுரம். இது வீணையின் குணமா? இல்லை, நாதஸ்வரத்தின் குணம். மூச்சைச் செலுத்தி ஊதுகிற வாத்தியங்களின் குணம். டிஸ்டார்ஷனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆவேசம், கலகம், இளைஞர் கோபம் என்றே பேசுவார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் இந்த வரலாற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்தில் ஒரு சாக்ஸபோனோ ட்ரம்பெட்டோ நின்றுகொண்டிருப்பது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மீட்டும் வாத்தியம் ஒன்று ஊதும் வாத்தியமாக ஆசைப்பட்ட கதையாகத்தான் எனக்கு இது படுகிறது.

எலெக்ட்ரிக் கிட்டார் தோன்றியதற்கே ஊதுகருவிகள்தான் காரணம் என்று சொல்லலாம். 1930களின் அமெரிக்க நடன அரங்குகளில் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் என்று ஒரு படையே ஊதும். அந்தக் கூட்டத்தில் கிட்டார்காரர் எதை வாசித்தாலும் கேட்காது. ரிக்கன்பேக்கர் கம்பெனி அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் வாணலி வடிவத்தில் ஒரு மின்சாரக் கிட்டாரை விற்கத் தொடங்கியது. 1939-ல் பென்னி குட்மன் என்பவரின் ஜாஸ் குழுவில் சேர்ந்த கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியன், ஆம்பின் தயவால் சாக்ஸபோன்காரர்களைப் போலவே ஒற்றைச் சுர வரிசைகளை வாசித்துக் காட்டினார். கிட்டாருக்குக் குரல் கிடைத்துவிட்டது. மூச்சு கிடைக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

மெம்பிஸ், 1951

1951 மார்ச். மிசிசிப்பி மாநிலத்து கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரும் அவருடைய குழுவினரும் நெடுஞ்சாலை 61 வழியாக மெம்பிஸ் நகருக்குக் காரில் போகிறார்கள். அங்கே யூனியன் அவென்யூவில் சாம் பிலிப்ஸ் என்பவர் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். பாட்டுப் பதிய வேண்டும். வழியில் கிட்டார்காரர் வில்லி கைசார்ட்டின் ஆம்புக்கு அடிபட்டுவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. போய் இறங்கிப் போட்டுப் பார்த்தால் ஸ்பீக்கரின் கோன் கிழிந்திருக்கிறது.

பழைய ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கோன் என்றால் தெரியும். கறுப்பான காகிதக் கூம்பு. அதுதான் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதில் கிழிசல் விழுந்தால் ஓரங்கள் பட்டத்தின் வால் மாதிரி படபடக்கும். பழுது பார்க்க நேரமில்லை. பிலிப்ஸ் கொஞ்சம் காகிதத்தை எடுத்து அந்தக் கிழிசலில் திணித்தார். படபடப்பு அடங்கி, ஒரு கொரகொரப்பு மிஞ்சியது. அவருக்கு அது பிடித்துப்போனது. அது சாக்ஸபோன் மாதிரி ஒலித்தது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்தப் பாட்டு 'ராக்கெட் 88'. ஓல்ட்ஸ்மொபீல் கார் ஒன்றின் பெருமையைப் பாடுவது. பாடியவர் குழுவின் சாக்ஸபோன்காரர் ஜாக்கி பிரென்ஸ்டன். சிகாகோவின் செஸ் கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டில் அவர் பெயர்தான் இருந்தது, குழுவை நடத்திய டர்னரின் பெயர் குழுப் பெயராகக்கூட இல்லை. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் பாட்டு முதலிடத்துக்குப் போனது. உலகத்தின் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், சிலர் வேறு பாட்டைக் காட்டுவார்கள். அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. பாட்டைக் கேட்கும்போது பாடுகிறவரைக் கொஞ்சம் மறந்துவிட்டு அடியில் ஓடுவதைக் கவனியுங்கள். கிட்டார் கீழ்ச் சுரங்களில் ஒரே வரிசையை விடாமல் சுற்றிச் சுற்றி வரும். சாக்ஸபோன்கள் சேர்கிற இடத்தில் எது கம்பி, எது காற்று என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மூன்று வருஷம் கழித்து அதே அறையில் எல்விஸ் பிரெஸ்லி என்ற 19 வயதுப் பையனைப் பிலிப்ஸ் பதிவு செய்தார். அது வேறு கதை.

மெம்பிஸில் நடந்தது விபத்து. 1958-ல் லிங்க் ரே என்ற கிட்டார்காரர் செய்தது அப்படியில்லை. தன் ஆம்பின் ஸ்பீக்கரில் அவரே பென்சிலால் குத்தித் துளை போட்டார். 'ரம்பிள்' என்ற அந்த வாத்திய இசையில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குக் கோஷ்டிச் சண்டை என்று ஒரு பொருள் இருந்ததால் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்துவிட்டன. வரிகளுக்காகப் பாட்டைத் தடுப்பது ஊர் ஊருக்கு உண்டு. வரியே இல்லாத பாட்டு பயமுறுத்தியது என்றால் அந்தக் கரகரப்புக்கு அதில் பங்கில்லாமல் இருக்காது.

டப்பாவில் அடைத்த பழுது

டென்னசியின் நாஷ்வில் நகரம் கண்ட்ரி இசைக்குப் பேர்போனது. அங்கே எல்லாம் நறுவிசாக இருக்க வேண்டும். மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' அப்படிப்பட்ட ஒரு மென்மையான காதல் சோகப் பாட்டு. நடுவில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் கிட்டாரில் ஒரு தனி வாசிக்கிறார். ஒலிப்பதிவு மிக்ஸரில் அவர் கருவி போய்ச் சேர்ந்த சேனலில் ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. பாட்டைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். காதலன் நிதானமாக உருகிக்கொண்டிருக்கும்போது, நடுவே தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி ஒரு சத்தம் புகுந்து, தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். அதை நீக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-ல் கண்ட்ரி பட்டியலில் அது முதலிடம்.

அந்தப் பதிவின் பொறியாளர் கிளென் ஸ்னாடி. மற்றவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள், ஆனால் பழுதான சேனலை எத்தனை நாள் நம்பியிருப்பது? ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு பொறியாளரோடு சேர்ந்து, அதே கரகரப்பை ட்ரான்சிஸ்டர்களை வைத்து வேண்டியபோது வரவழைக்கும் ஒரு சுற்றை வடிவமைத்தார். கிப்ஸன் கம்பெனி அதை வாங்கி 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. மிதித்தால் பிசிறு, இன்னொரு தடவை மிதித்தால் சுத்தம். இன்றைக்குக் கிட்டார்காரர்களின் காலடியில் வரிசையாகக் கிடக்கிற பெடல்களுக்கெல்லாம் அது மூத்த அண்ணன்.

கிப்ஸன் அதை எப்படி விற்றது என்பதுதான் வேடிக்கை. ஆவேசம், முரட்டுத்தனம் என்று எதுவும் சொல்லவில்லை. இதை மாட்டினால் உங்கள் கிட்டார் பித்தளை ஊதுகருவிகளைப் போலவும் மரக்குழல்களைப் போலவும் ஒலிக்கும் என்று விளம்பர இசைத்தட்டே போட்டார்கள். கடைகள் வாங்கி அடுக்கின. அப்புறம் அசையவில்லை. சாக்ஸபோன் சத்தம் வேண்டும் என்கிறவர் சாக்ஸபோன்காரரையே கூப்பிட்டுக்கொள்ளலாமே.

பிளேடு

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், வட லண்டனில், டேவ் டேவிஸ் என்ற 17 வயதுப் பையன் அந்த விளம்பரத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவனிடம் எல்பிகோ என்ற மலிவான சின்ன ஆம்ப் ஒன்று இருந்தது. சவர பிளேடை எடுத்து அதன் கோனைக் கீறிவிட்டான். அதிலிருந்து வருவதை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்புக்குள் செருகினான். அண்ணன் ரே டேவிஸ் எழுதிய 'யூ ரியலி காட் மீ'யில் கேட்பது அந்தக் கீறல்தான். 1964 ஆகஸ்டில் வெளிவந்து அடுத்த மாதமே பிரிட்டனில் முதலிடம். குழுவின் பெயர் கிங்க்ஸ். இந்தப் பாட்டை முதலில் ஜாஸ் பாணியில், சாக்ஸபோன் வரியைச் சுற்றித்தான் ரே யோசித்திருந்தார். அந்த வரியைத் தம்பி கிழிந்த ஆம்பில் வாசித்தான். பாருங்கள், மறுபடியும் சாக்ஸபோன்.

இந்தப் பாட்டில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது. டேவ் முழு கார்டுகளை வாசிக்கவில்லை. ஒரு சுரம், அதன் பஞ்சமம் (ச-வுக்குப் ப மாதிரி), அவ்வளவுதான். இதற்கு பவர் கார்டு என்று பெயர் வந்தது. பிசிறுக்கு ஏன் இரண்டே சுரம் தோதாக இருக்கிறது? தலைதட்டுகிற ஆம்புக்குள் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட வெளியே வரும். 110-ஐ ஆதாரமாக வைத்தால் பஞ்சமம் 165. கழித்தால் 55. அது ஆதார சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. கூட்டினால் 275, அதுவும் 55-ன் மடங்குதான். யாரும் வாசிக்காத ஒரு கீழ்ச் சுரம் தானாக வந்து அடித்தளம் போட்டுவிடுகிறது. நடுவில் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால், கிட்டாரின் சுருதி அமைப்பில் அது 138.6 வாக்கில் இருக்கும். கூட்டலும் கழித்தலும் எதனோடும் ஒட்டாமல் சிதறி, ஒலி சேறாகிவிடும். ராக் கிட்டார்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. காதுக்கு எது நன்றாக இருந்ததோ அதை வைத்துக்கொண்டார்கள். ராக் இசையின் மொட்டையான, முரட்டுத்தனமான கார்டுகளுக்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தூக்கத்தில் வந்தது

1965 மே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் நடுராத்திரி பாதித் தூக்கத்தில் எழுந்து, பக்கத்தில் இருந்த கேசட் ரெக்கார்டரில் ஒரு கிட்டார் வரியைப் பதிந்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டார். காலையில் போட்டுக் கேட்டால் கொஞ்சம் கிட்டார், மீதி குறட்டை. அந்தக் கொஞ்சத்திலிருந்து வந்ததுதான் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்'. சிகாகோவில் செஸ் ஸ்டூடியோவில் முதலில் பதிந்தார்கள், சரிப்படவில்லை. இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டில் ஆர்சிஏ ஸ்டூடியோவில் மறுபடி உட்கார்ந்தார்கள். அங்கே கீத் அந்த மூத்த அண்ணனை, விற்காமல் கிடந்த ஃபஸ்-டோனை, மாட்டிக்கொண்டு வாசித்தார்.

கீத்தின் எண்ணம், அந்த வரியைக் கடைசியில் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டும் என்பது. ஃபஸ் கிட்டார் வெறும் இடம்பிடிப்பு, பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி. ஆக, உலகத்தில் கிப்ஸன் விளம்பரத்தை எழுத்துக்கு எழுத்து நம்பி, அந்தப் பெட்டியை அது விற்கப்பட்ட நோக்கத்துக்கே பயன்படுத்தியவர் என்று ஒருவரைச் சொல்லலாம் என்றால் அது கீத் ரிச்சர்ட்ஸ்தான். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இதுவே போதும், இப்படியே வெளியிடலாம் என்று வாக்கெடுப்பில் அவரைத் தோற்கடித்தார்கள். ஜூலையில் அமெரிக்கப் பட்டியலில் நாலு வாரம் முதலிடம். கடைகளில் தூசி படிந்துகிடந்த ஃபஸ்-டோன்கள் அந்த வருஷம் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன.

அதே ஜூலை 25-ந் தேதி, ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராகப் பேர்பெற்ற பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு மேடையேறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நாட்டுப்புறப் பாடகர்களின் பெரியவரான பீட் சீகர் கோடரியால் ஒயரை வெட்டப் போனார் என்ற கதை இன்றுவரை சுற்றுகிறது. கையில் கோடரி இருந்தால் வெட்டியிருப்பேன் என்று சொன்னதாகச் சீகரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் தந்த காரணத்தை மக்கள் மறந்துவிடுகிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டார் அவருக்குப் பிரச்சினையாக இல்லை, ஒலி உடைந்துபோய் வார்த்தைகள் புரியாததுதான் கோபம் என்றார். நம் தெருமுனைப் பெரியவர் கட்சி. நாடெங்கும் வானொலியில் பிசிறு முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இது நடந்தது.

ஆம்ப் கிட்டாருக்குத் திருப்பிச் சொன்னது

இதுவரை பார்த்ததெல்லாம் கிழித்ததும் பெட்டியில் அடைத்ததும். மூன்றாவது வழிதான் மைக் செட்காரர் வழி: குமிழைக் கடைசிவரை திருகுவது. லண்டனில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-லிருந்து தன் பெயரில் ஆம்ப்கள் செய்து விற்றார். அவை பழைய ரேடியோவில் இருப்பது போன்ற வால்வுகளில் ஓடுபவை. வால்வு திடீரென்று வெட்டுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வழிக்கும். அதனால் அந்தப் பிசிறு காதைக் கீறாமல் தடிப்பாக இருக்கும். 1966-ல் ஜான் மேயால் குழுவோடு பதியப் போன கிட்டார்காரர் எரிக் கிளாப்டன், மேடையில் வாசிக்கிற அதே சத்தத்தில்தான் ஸ்டூடியோவிலும் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். சத்தத்தைக் குறைத்தால் அவர் தேடிய ஒலி போய்விடும். அடக்கமாக வாசிக்கிறவர்களையே பார்த்துப் பழகிய பொறியாளர்களுக்கு அது புதுத் தலைவலி.

சத்தம் அந்த அளவுக்குப் போனால் இன்னொன்றும் நடக்கும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி காற்றின் வழியே வந்து கிட்டார் கம்பியையே மறுபடி அதிரச் செய்யும். கம்பி அதிர்ந்தால் ஆம்ப் பெரிதாக்கும், ஆம்ப் பெரிதாக்கினால் கம்பி அதிரும். இதுதான் ஃபீட்பேக். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கூ'வென்று கத்துமே, அதே சமாசாரம். 1964 அக்டோபரில் பீட்டில்ஸ் குழு 'ஐ ஃபீல் ஃபைன்' பதிந்தபோது, ஜான் லென்னனின் கிட்டார் இப்படித் தற்செயலாக உறுமியதைக் கேட்டுவிட்டு, அதையே பாட்டின் தொடக்கமாக வைத்தார்கள். இனி சுரம் தேய வேண்டிய அவசியமே இல்லை. வாசிக்கிறவர் ஆம்பைப் பார்த்து நிற்கிறவரை அது நிற்கும்.

அதை வைத்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் செய்ததுதான் உச்சம். 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை, நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் விழாவின் கடைசி நிகழ்ச்சி. மூன்று நாள் மழையிலும் சேற்றிலும் கிடந்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை இடது கைக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அமெரிக்க தேசிய கீதத்தை அவர் வாசிக்கத் தொடங்கினார். முதல் வரிகள் நேராகத்தான் போகின்றன. ராக்கெட்டும் குண்டும் வருகிற வரிக்கு வந்ததும் கிட்டார் கீதத்தை விட்டு விலகி, ஊளையிடுகிறது, சரிந்து விழுகிறது, வெடிக்கிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த வருஷம். ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க ராணுவத்தின் 101-ம் வான்வழிப் பிரிவில் பாராசூட்காரராக இருந்தவர்.

அந்தக் குண்டு மழையின் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. சத்தமெல்லாம் விலக, வேறொரு மெட்டு நிதானமாக வரும். 'டாப்ஸ்'. ராணுவ வீரர்களை அடக்கம் செய்யும்போது பியூகிளில் ஊதுகிற மெட்டு. ஆம்ப் நீட்டி நிறுத்த, ஆறு கம்பிக் கருவி அதை ஊதுகிறது.

பிறகு நடந்ததெல்லாம் இதன் விரிவுதான். பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். அந்தக் கையோடு பவர் கார்டுகளைத் தடிக்கத் தடிக்க வாசித்து, பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தை 1970-ல் கொண்டுவந்தார். ஹெவி மெட்டல் என்ற வகைக்கு அதைத்தான் பெரும்பாலோர் தொடக்கமாகச் சொல்வார்கள். 1991-ல் நிர்வானா என்ற குழு பிசிறை இன்னொரு விதமாகப் பயன்படுத்தியது. சுத்தமான கிட்டாரோடு அடக்கமாகத் தொடங்கி, பெடலை மிதித்ததும் அதே நாலு கார்டுகள் சுவரை இடித்துக்கொண்டு வருகிற மாதிரி வரும். அங்கே பாட்டு நகர்வதே சுத்தத்துக்கும் பிசிறுக்கும் நடுவேதான். இன்று கம்ப்யூட்டர் மென்பொருளிலேயே எல்லா ரகப் பிசிறும் கிடைக்கிறது. பாதி தீர்ந்துபோன பேட்டரியில் ஃபஸ் பெடல் எப்படி இழுத்துக்கொண்டு ஒலிக்குமோ, அதை வரவழைக்கத் தனியாக ஒரு குமிழ் வைத்த பெடல்கள்கூட இருக்கின்றன. தீர்ந்த பேட்டரிக்கும் கிராக்கி.

சரி, கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கிருந்து தொடங்குவது? 'ராக்கெட் 88'-ஐ ஹெட்ஃபோனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் அந்தக் கீழ்ச் சுரங்கள் வராது. அடுத்து 'டோன்ட் வொரி', வண்டு வருகிற இடத்துக்காக. 'யூ ரியலி காட் மீ' இரண்டேகால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஹெண்ட்ரிக்ஸின் தேசிய கீதத்தை வீடியோவாகப் பார்ப்பது நல்லது, இவ்வளவு சத்தம் ஒரே கிட்டாரிலிருந்துதான் வருகிறது என்று நம்புவதற்கு.

'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' மட்டும் இரண்டு தடவை. முதலில் ஸ்டோன்ஸ் பதிவு. அடுத்து, சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் அதே 1965-ல் பாடிய பதிவு. அதில் அந்தப் பெயர்பெற்ற வரியை ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும்தான் ஊதுகின்றன, கீத் ரிச்சர்ட்ஸ் மனதில் வைத்திருந்ததைப் போலவே. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஃபஸ் கிட்டாரைக் கேட்ட காதோடு அதைக் கேட்டால், பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து கிட்டாரைப் பார்த்து மிமிக்ரி செய்கிற மாதிரியே இருக்கும்.